மூடி வைத்த லேப்டாப் பைக்குள் ஏன் சுடுகிறது?

உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறும்போது சார்ஜ் 90 சதவிகிதம். பல்லடம் தாண்டி திருப்பூரில் இறங்கி, இன்டர்வியூ நேரத்தில் திறந்தால் பாதிகூட இல்லை. பை வேறு இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடுகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? பேட்டரி போச்சு என்று உடனே கடைக்கு ஓடாதீங்க. பல நேரம் விஷயம் வேற: லேப்டாப் தூங்கவே இல்லை.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் உங்க அண்ணனோ அக்காவோ ஒன்று வாங்கியிருக்கலாம். அந்தக் காலத்து லேப்டாப்களில் இருந்தது 'எஸ்3' ஸ்லீப். மூடினால், திறந்திருக்கும் வேலையை நினைவில் வைத்திருக்கும் ராமுக்கு மட்டும் கொஞ்சம் கரன்ட் போகும். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஆஃப். 2012-ல் விண்டோஸ் 8 'கனெக்டட் ஸ்டாண்ட்பை'யைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-ல் அது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆனது. செல்போன் மாதிரி, மூடியிருந்தாலும் நெட்டோடு தொடர்பில் இருக்கலாம். திறந்ததும் பட்டென்று எழணும். ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஏதோ ஒரு அப்டேட்டோ டிரைவரோ தூக்கத்தைக் கெடுத்தால், காற்றே போகாத பைக்குள் பிராசஸர் வேலையை ஆரம்பித்துவிடும். சார்ஜ் போனால் மறுபடி ஏற்றிக்கலாம். அந்தச் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறைந்தால் திரும்ப வராது.

பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்களுக்கு என் ஓட்டு ஹைபர்நேட்டுக்குத்தான். திறந்திருக்கும் வேலையை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு லேப்டாப் அணைந்துவிடும். மறுபடி எழ சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன நடக்கணும் என்ற இடத்தைத் திறங்க. 'ஆன் பேட்டரி' என்பதன் கீழ் ஹைபர்நேட்டைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்க. ஸ்டார்ட்டில் உள்ள பவர் மெனுவிலும் ஹைபர்நேட் வேண்டுமா? அதே பக்கத்தின் மேலே, இப்போது மாற்ற முடியாத செட்டிங்குகளை மாற்றுவதற்கான லிங்க் இருக்கும். அதைத் தட்டினால் கீழே ஹைபர்நேட்டுக்கு டிக் போடும் கட்டம் திறக்கும்.

இன்னொரு பழக்கம்: முதலில் சார்ஜர் வயரைக் கழற்றுங்க, பிறகு மூடுங்க. சார்ஜில் இருக்கும்போதே மூடி, அப்புறம் வயரைப் பிடுங்கினால், சில லேப்டாப்கள் இன்னும் கரன்டில்தான் இருக்கிறோம் என்கிற மாதிரியே நடந்துகொள்ளும்.

வீட்டில் மேஜை மேல் வைத்த லேப்டாப் நடுராத்திரி தானாக விழிக்கிறதா? வயர்லெஸ் மவுஸைச் சந்தேகப்படுங்க. டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதிக்கு உள்ள டிக்கை எடுத்துவிடுங்க.

இத்தனைக்குப் பிறகும் சுட்டால் டிரைவர், பயாஸ் அப்டேட்டுகளை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் பாருங்க. டச்பேடு மேலே தூக்கிக்கொண்டோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் மட்டும் செட்டிங்ஸைத் தொட வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாமல், அழுத்தி மூடாமல், நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க.