ஊசி போட்டாங்களா, மாமா?

போன மாசம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து பக்கெட்டைத் தூக்கினேன். பக்கெட் மேலே வந்தது, நான் வரவில்லை. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அந்தக் குகைக்குள் அரை மணி நேரம் 'டமடம' சத்தம் கேட்டுவிட்டு, நீட்டிய பில்லுக்குப் பணம் கட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பில்லைப் பார்த்த என் மச்சினன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"ஊசி போட்டாங்களா, மாமா?"

"எந்த ஊசி?"

"காண்ட்ராஸ்ட் ஊசி. கை நரம்புல போடுவாங்களே!"

"ஒரு கொசுகூடக் கடிக்கலையே!"

"அப்புறம் ஏன் 'வித் காண்ட்ராஸ்ட்'னு போட்டு மூவாயிரம் சேர்த்திருக்காங்க?"

பி.காம். படித்த என் கண்ணில் படாதது, பி.எஸ்ஸி. ஸுவாலஜி படித்தவன் கண்ணில் பட்டுவிட்டது. காரணம் அவன் வேலை. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் இருக்கிறான். அமெரிக்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படித்து, என்ன சிகிச்சை நடந்தது என்பதை எண்ணாக மாற்ற வேண்டும். எண் சரியாக இருந்தால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும். சி.பி.டி. என்கிற அந்த எண்களை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-ல் முதலில் வெளியிட்டது.

என் இடுப்பையே உதாரணமாக எடுத்துக்கொண்டான். மருந்து இல்லாமல் கீழ் முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் 72148. கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி எடுத்தால் 72149. முதலில் மருந்தில்லாமல், பிறகு மருந்தோடு என்று ஒரே தடவையில் இரண்டும் எடுத்தால் 72158. 'இரண்டு எடுத்தோமே' என்று முதல் இரண்டு எண்களையும் சேர்த்துப் போடக் கூடாது.

"மருந்து எதுக்குடா?"

"முதுகுல ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவங்களுக்கு மறுபடி வலி வந்தா, அது பழைய தழும்பா, டிஸ்க் திரும்பப் பிதுங்கியிருக்கான்னு பிரிச்சுப் பார்க்க. கட்டி, இன்ஃபெக்ஷன் சந்தேகம்னாலும் போடுவாங்க."

வலிக்கும் தனி எண் உண்டாம். 2021 அக்டோபர் 1 வரை வெறும் இடுப்பு வலி என்றால் எம்54.5. அன்றிலிருந்து அதை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். பழைய எண்ணைப் போட்டால் க்ளெய்ம் திரும்பி வந்துவிடும். இன்ஷூரன்ஸ்காரர் 72148-க்கு முன் அனுமதி தந்திருக்க, 72158 என்று பில் போனாலும் தகராறுதான்.

"ரிப்போர்ட்ல எழுதலைன்னா நடக்கலைன்னு அர்த்தம் மாமா. இதான் எங்க வேலைக்கே முதல் பாடம்" என்றவன் சற்று சும்மா இருந்தான். பிறகு சொன்னான்.

"சேர்ந்த புதுசுல ஒரு ரிப்போர்ட். முதுகுல ஆபரேஷன் ஆன பேஷன்ட்னு மேலேயே போட்டிருந்தது. அப்ப காண்ட்ராஸ்ட் கண்டிப்பா இருக்கும்னு நானா நெனச்சு 72158 போட்டுட்டேன். கீழே டெக்னிக்ங்கிற இடத்துல மருந்து கொடுக்கலைன்னு தெளிவா எழுதியிருந்தது. ஆடிட்ல பிடிச்சாங்க. பிடிக்காம விட்டிருந்தா? அங்கேயும் பில்லுல ஒரு பங்கு பேஷன்ட் கையிலேர்ந்துதான் போகும். ஏற்கெனவே முதுகு போனவரு, பர்ஸும் போயிருக்கும். ஊசி போட்டாங்களான்னு உங்ககிட்ட கேட்டேன், சொன்னீங்க. அவர்கிட்ட நான் எங்க போய்க் கேட்பேன்? எனக்கு அந்தப் பேப்பர் மட்டும்தான்."

மறுநாள் ரிப்போர்ட்டும் பில்லுமாக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஸார் வருது" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். ரிப்போர்ட்டில் டெக்னிக் வரியைக் காட்டினேன். காண்ட்ராஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை. உள்ளே போனார், வந்தார், மூவாயிரத்தைத் திருப்பித் தந்தார்.

ஆகவே வாசகர்களே, ஸ்கேன் எடுத்தால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் மாதிரி தலையாட்டுவது இருக்கட்டும். ரிப்போர்ட்டில் டெக்னிக் வரியைப் படியுங்கள். பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மச்சினனுக்கு ட்ரீட் கொடுக்கக் கூப்பிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தவன், "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஊரார் முதுகைப் படிப்பவன்.

"என்னடா நம்பர்?" என்றேன்.

"எம்54.50, மாமா. காரணம் குறிப்பிடப்படாத இடுப்பு வலி!"