புற்றுநோய்ச் சிகிச்சையும் உடலியக்கமும்: சில சமூகவியற் குறிப்புகள்

மருத்துவ அறிவு சமூகத்திற்குப் புறம்பாக நின்று வளர்வதன்று என்பதற்குப் புற்றுநோயாளருக்கு நெடுங்காலம் கூறப்பட்டுவந்த ஓய்வு பற்றிய அறிவுரை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். சிகிச்சை பெறுவோர் இயன்றவரை படுத்திருக்க வேண்டும், உடலை வருத்தலாகாது என்பதில் வைத்தியரும் குடும்பத்தாரும் ஒருமித்திருந்தனர். இரக்கத்திற் பிறந்த இக்கருத்து விளைவில் நோயாளிக்குப் பாதகமாகவே அமைந்தது. இரசாயனச் சிகிச்சை உண்டாக்கும் சோர்வு வேலை செய்து களைத்தவரின் களைப்பைப் போன்றதன்று. உறங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை. படுத்திருப்பவரின் தசைகள் மெலிகின்றன. இருதயத்தின் வலு குறைகின்றது. முன்பு எளிதாயிருந்த காரியம் கடினமாகின்றது. கடினமாவதனால் மேலும் ஓய்வு நாடப்படுகின்றது.

இச்சுழலை உடைக்க முற்பட்டோருள் தாதியத் துறையினர் முன்னின்றமை கவனத்திற்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்விக்கார், வின்னிங்ஹாம் முதலியோர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், இரசாயனச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த மார்புப் புற்றுநோயாளரான 45 பெண்கள் இடம்பெற்றனர். பயிற்சிப் பிரிவினர் பத்து வாரங்கள், வாரம் மும்முறை, நிலையான துவிச்சக்கரவண்டியை மிதித்தனர். அவர்களது உடற்றிறன் உயர்ந்தது. அறுவைக்குப் பின் கை வீங்கிய பெண்கள் பாரந் தூக்கலாகாது என்ற எச்சரிக்கையும் இவ்வாறே தளர்ந்தது. 141 பெண்களிடையே கத்ரின் சிமிட்ஸ் குழுவினர் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வு, படிப்படியாகப் பாரந் தூக்குவது வீக்கத்தை அதிகரிக்கவில்லை எனக் காட்டிற்று. 2022 இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம், குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சை நடைபெறும்போதே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்குமாறு வைத்தியர்களுக்கு வழிகாட்டியது.

ஆயினும் பயிற்சி நன்று எனக் கூறுவதும் அதனைச் செய்யத் துணைநிற்பதும் ஒன்றல்ல. 2025 இல் வெளியான, பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடைபெற்ற ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. பெருங்குடற் புற்றுநோய்க்கு அறுவையும் இரசாயனச் சிகிச்சையும் பெற்று முடித்த 889 பேர் அதிற் பங்குபற்றினர். உடலியக்கத்தையும் நல்லுணவையும் வலியுறுத்தும் பிரசுரங்கள் இரு பிரிவினருக்கும் வழங்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் மூன்றாண்டுகள் தொடர்ந்து பயிற்சி ஆலோசகர் ஒருவரின் துணை கிடைத்தது. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி வாழ்ந்தோர் துணைபெற்ற பிரிவில் நூற்றுக்கு 80.3, மற்றப் பிரிவில் 73.9. எட்டாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் முறையே 90.3, 83.2. தசை, மூட்டு உபாதைகள் துணைபெற்றோரிடையே கூடுதலாயிருந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இரு பிரிவினரும் அறிவுரை பெற்றனர். ஒரு பிரிவினர் அதற்குமேல் இன்னொருவரின் உழைப்பையும் பெற்றனர். பிரசுரம் அச்சிடுவது மலிவு. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். பிரசுரங்கள் பெருகுவதன் இரகசியம் இதுவே போலும்!

சிகிச்சை நடைபெறும் காலத்திலும் நிலைமை இதனை ஒத்ததே. நெதர்லாந்தில் 230 நோயாளரை மூன்று பிரிவாக்கி நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வில், இயன்மருத்துவரின் நேரடி மேற்பார்வையிற் பயிற்சி பெற்றோருக்கே மருந்தின் அளவைக் குறைக்கவேண்டிய தேவை குறைவாயிருந்தது. வீட்டிலேயே மெதுவான பயிற்சி செய்தோர் இப்பயனைப் பெறவில்லை.

இங்கு வர்க்கநிலை குறுக்கிடுகின்றது. ‘உடற்பயிற்சி’ என்னுஞ் சொல், உழைப்பினின்று விடுபட்ட ஓய்வுநேரத்தை முற்கொண்டு நிற்பது. நாள்முழுதும் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளப் பெண்ணிடம் உடலியக்கம் போதாது என்று கூறுவது கேலியாகவே முடியும். அவளது உழைப்பின் வேகத்தையும் அளவையும் தீர்மானிப்பவள் அவளல்லள்; சோர்வு மிகும் நாளிற் குறைத்து, தெளியும் நாளிற் கூட்டும் உரிமையே பயிற்சியைச் சுமையினின்று வேறுபடுத்துகின்றது. சம்பளத்துடனான விடுமுறையும் வைத்தியசாலைக்கான போக்குவரத்துச் செலவும் இல்லாதவிடத்து, ‘நடவுங்கள்’ என்ற சொல் பொறுப்பை நோயாளியின் தலையிலேயே சுமத்துகின்றது. நோய் மீண்டால் அவளது சோம்பலே காரணமென்ற பழிக்கும் அது இடமளிக்கும்.

துணைநிற்போர் தேவைப்படுவதற்கு மருத்துவக் காரணங்களும் உண்டு. நோய் எலும்பிற் பரவியவருக்கு எலும்பு முறியும் ஆபத்துண்டு. சில மருந்துகளாற் பாதம் மரத்தவர் நடக்கையில் இடறி விழக்கூடும். இரத்தவணுக்கள் பெரிதுங் குறைந்தவர் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலிய மருத்துவப் புற்றுநோயியற் சங்கம் 2018 இல், பயிற்சியை வழமையான சிகிச்சையின் கூறாகக் கொண்டு நோயாளரைத் தகுதிபெற்ற பயிற்சியாளரிடமோ இயன்மருத்துவரிடமோ அனுப்பவேண்டுமெனக் கோரியமை இவ்வகையிற் பொருத்தமானதே. மருந்துச்சீட்டு எழுதப்படும் அதே மேசையிலேயே அவ்வனுப்புகையும் எழுதப்படவேண்டும். அதற்கான சம்பளப் பட்டியல் அரச வைத்தியசாலையினுடையதாயிருத்தல் வேண்டும்.