ஆசிரியருக்கு மாணவர் இடும் மதிப்பெண்

ஆசிரியர் மாணவருக்கு மதிப்பெண் இடுவதை நாம் அனைவரும் அறிவோம். பருவத் தேர்வு நெருங்கும் வேளையில் மாணவர் ஆசிரியருக்கு மதிப்பெண் இடுகின்ற நாள் ஒன்று வருகிறது என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவோம்? "இன்று கல்லூரியில் ஏதோ படிவம் தந்தார்கள், எல்லாவற்றிற்கும் 'மிக நன்று' என்று போட்டுவிட்டு வந்தேன்" என்று பிள்ளை சொன்னால், "சரி, சாப்பிட வா" என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தப் படிவத்தைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

திருச்சிராப்பள்ளி கல்விக்குப் பெயர் பெற்ற நகர். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883-இல் இந்நகருக்கு இடம் பெயர்ந்தது. நம் சமுதாயப் பெரியோர்களின் கொடையால் 1951-இல் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இலும், பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984-இலும், இந்திய மேலாண்மை நிறுவனம் 2011-இலும் இங்கே அமைந்தன. ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவிலிருந்தும் காவிரிப் பாலத்தைக் கடந்தும், பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் நகரப் பேருந்தில் தொற்றிக்கொண்டும் வரும் பிள்ளைகளில் கணிசமானோர் இன்று விரும்பிச் சேர்வது வணிக நிர்வாகம், மேலாண்மை ஆகிய படிப்புகளிலேயே. கடை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. 'பிள்ளை நிர்வாகம் படித்தால் கடைக்கும் உதவும், வேலைக்கும் உதவும்' என்ற கணக்கு இதில் உண்டு. தவறில்லை. ஆனால் அந்த வகுப்பில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்கும் ஒரே சாளரம் அந்தப் படிவம்தான்.

கல்லூரிகளின் தரத்தை அளப்பதற்கென்று 1994-இல் அமைக்கப்பெற்ற 'நாக்' எனும் தேசியக் குழு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 2017-இல் அது தன் முறையைத் திருத்தி அமைத்தபோது மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு ஒன்றையும் சேர்த்தது. அதில் இருபத்தொரு வினாக்கள். பாடத்திட்டத்தில் எத்தனை விழுக்காடு வகுப்பில் நடத்தி முடிக்கப்பட்டது, ஆசிரியர் வகுப்புக்கு எவ்வளவு ஆயத்தமாக வந்தார், சொல்ல வந்ததை எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்றெல்லாம் இருபது வினாக்களுக்குக் கட்டத்தில் குறியிட வேண்டும். கடைசி ஒன்றில் மட்டும் மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதலாம். என் கருத்தில் அந்த இருபதைவிட இந்த ஒன்றே பெறுமதி உடையது. பெரும்பாலோர் வெறுமையாக விடுவதும் அதைத்தான்!

ஏன் விடுகிறார்கள்? சோம்பல் ஒரு காரணம். அச்சம் மற்றொன்று. இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகளில் ஒரு தாளுக்குரிய நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்து அகமதிப்பீடாக வகுப்பு ஆசிரியரின் கையிலேயே இருப்பது பொதுவான வழக்கம். படிவத்தில் பெயர் இல்லை என்று சொன்னாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதிலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்பிள்ளைகள் இன்னும் ஒருபடி ஒதுங்கி நிற்கிறார்கள். 'நமக்கேன் வம்பு' என்று நாமும் அதற்குத் தூபம் போடுகிறோம்.

ஆசிரியரைப் பற்றி மாணவர் கருத்துச் சொல்வது மேனாட்டு வழக்கம், நம் மண்ணுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். அவர்கள் நன்னூலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறியதோடு நிற்கவில்லை. ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் வகைப்படுத்தினார். கழற்சிக்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் காய்கள் விழா. அவ்வாறு முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக உளறிக் கொட்டுபவர் ஒருவர். கருக்கு மட்டை சூழ்ந்த பனையைப் போல எவரையும் அண்டவிடாதவர் ஒருவர். பஞ்சை அடைத்த குடுக்கையைப் போல உள்ளே ஏராளம் இருந்தும், சிறிது சிறிதாக, அதுவும் வருந்தி, வெளியே எடுக்கக் கொடுப்பவர் ஒருவர். நீர் ஊற்றியவன் தோட்டத்தில் அன்றி அடுத்த வீட்டு முற்றத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னையைப் போன்றவர் ஒருவர். இன்றைய படிவத்தின் இருபது வினாக்களும் இந்த நான்கில் அடங்கிவிடவில்லையா? மாணவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. நல்லதைக் கீழே ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நெய்யரி என்று ஒரு வகையினரைச் சாடுகிறார். படிவம் எழுதும் பிள்ளைகளும் இதை நினைவில் வைப்பது நலம்.

ஏனெனில் மாணவரின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று எண்ணுவதும் பேதைமையே. 1970-இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு 'டாக்டர்' பட்டம் சூட்டி, கணித விளையாட்டுக் கோட்பாட்டைப் பற்றிப் பேசவைத்தார்கள். பேச்சில் பொருளே இல்லை. முன்னுக்குப் பின் முரணான சொற்களும் நகைச்சுவையும் கம்பீரமும்தான் இருந்தன. கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும்! அவர்களில் பெரும்பாலோர் அவருக்கு உயர்ந்த மதிப்பளித்தனர். 1973-இல் இந்த ஆய்வு வெளியானபோது கல்வியுலகம் வெட்கித் தலைகுனிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பல்வேறு ஆசிரியர்களிடம் பிரித்து அனுப்புவார்கள். அங்கே திரட்டிய விவரங்களைக் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வொன்று, அந்தப் பருவத்தில் மாணவரிடம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அதைத் தொடர்ந்து வரும் உயர்நிலைக் கணக்குப் பாடங்களில் பின்தங்கியதைக் காட்டிற்று. கடுமையாக வேலை வாங்கியவரின் அருமை பிந்தித்தான் தெரியவந்தது. 2015-இல் வெளியான வேறொரு சிறு ஆய்வில், நேரில் முகம் காணாத கணினி வழி வகுப்பில், ஒரே ஆசிரியருக்கு ஆண் பெயர் இட்டபோது கிடைத்த மதிப்பெண் பெண் பெயர் இட்டபோது கிடைக்கவில்லை. நம் வீட்டு மகளிர் பலர் இன்று சுயநிதிப் பிரிவுகளில் விரிவுரையாளர்களாகப் பணியாற்றுகின்றனர். ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட வேண்டிய வேலை அது. பொறுப்பின்றி இடப்பட்ட குறி ஒன்று அத்தகையவரின் அடுப்பை அணைத்துவிடக் கூடும். கனடாவின் டொராண்டோ நகரில் ரையர்சன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில், பணி உயர்வுக்குக் கற்பித்தல் திறனை அளக்கும் கோலாக மாணவர் மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாகாது என்று 2018-இல் தீர்ப்பானது இந்தக் கவலையினால்தான்.

அப்படியானால் படிவத்தையே தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. எதைப் பற்றி எழுதுகிறோம் என்ற தெளிவுதான் தேவை. பாடம் வேறு, ஆசிரியர் வேறு. இந்த வேறுபாட்டிற்கு நம் நகரிலேயே சான்று உண்டு. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை தூய வளனார் கல்லூரியில் பயின்றார். (ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து அங்கே படித்தவர்தான் எழுத்தாளர் சுஜாதா.) 1999-இல் வெளிவந்த தம் சுயசரிதையில், ஆங்கிலம் கற்பித்த விடுதிக் காப்பாளர் அருட்தந்தை செக்கீராவையும், அணுவினும் நுண்ணிய துகள்களின் உலகை அறிமுகம் செய்த பேராசிரியர்கள் சின்னதுரையையும் கிருஷ்ணமூர்த்தியையும் அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். அதே நூலில், பட்டம் பெற்ற பிறகுதான் இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலுக்கு முன்னரே சென்றிருக்கலாம் என உணர்ந்ததாகவும் சொல்கிறார். ஆசிரியர்கள் அருமையானவர்கள், படிப்பு தமக்குரியதன்று! இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் அவர் எழுத முடிந்தது. அவர் அதை எழுத ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ பத்து நிமிடம்.

மேலாண்மை வகுப்பில் இந்தக் குழப்பம் மிகுதியாகவே நேர்கிறது. பாடநூலில் ஃபேயோலின் பதினான்கு கோட்பாடுகள் இருக்கும்; டெய்லரின் அறிவியல் மேலாண்மை இருக்கும்; காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் நடக்கும் கொள்முதல் இராது, துவாக்குடித் தொழிற்பேட்டையில் பெருநிறுவனத்தின் ஆணையை நம்பி வாழும் சிறு பட்டறை இராது. இது ஆசிரியரின் குற்றமா? பாடத்திட்டத்தின் குறை. தன்னாட்சிக் கல்லூரிகளில் அதை மாற்றும் உரிமை பாடத்திட்டக் குழுவுக்கு உண்டு. அக்குழுவில் தொழில்துறையாளர் ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பது விதி. ஆகவே அக்குறையை எழுத வேண்டிய இடமும் தொனியும் வேறு. மாறாக, இருப்புக் கட்டுப்பாடு பற்றிய அலகில் கணக்கு ஒன்றைக்கூடக் கரும்பலகையில் செய்து காட்டாமல் குறிப்பை மட்டும் வாசித்துவிட்டுப் போனால், அது ஆசிரியரிடம் சொல்ல வேண்டியது.

உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வாறு சொல்லுங்கள்: 'சார் போர்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த அலகு, எந்த வாரம், என்ன விளங்கவில்லை, எது செய்திருந்தால் விளங்கியிருக்கும் என்று இரண்டு வரி எழுதினால், நேர்மையான ஆசிரியர் அடுத்த ஆண்டே திருத்திக்கொள்வார். நன்றாக நடத்திய பகுதியையும் தவறாமல் குறிக்கட்டும். ஆசிரியரின் உடை, பேச்சு வழக்கு, ஊர், குடும்பம் ஆகியவை அதில் வரவே கூடாது. பெயர் போடாமல் எழுதுவதால் புறம் பேச உரிமம் கிடைத்துவிட்டதாகப் பொருளன்று; கையில் கொடுக்கப்பட்ட அமானிதம் அது.

கல்லூரி நிர்வாகத்தினருக்கும் ஒரு சொல். அகமதிப்பீட்டு மதிப்பெண்களை வெளியிட்ட பிறகு படிவத்தைக் கொடுங்கள்; பிள்ளைகளின் அச்சம் பாதி தீரும். பருவத்தின் இறுதியில் மட்டும் கேட்காமல் நடுவிலும் ஒருமுறை கேட்டால், எழுதிய பிள்ளைகளே அதன் பயனை அனுபவிப்பார்கள். இறுதியில் கேட்பது, வீட்டைக் காலி செய்யும்போது கூரை ஒழுகியதைச் சொல்வது போன்றது.

பெற்றோர் கேட்டுப் பெறக்கூடியது ஒன்று உண்டு. மாணவர் கருத்துகளைத் தொகுத்து ஆய்ந்ததையும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் அறிக்கையாக்கிக் கல்லூரியின் இணையதளத்தில் வெளியிடுவதற்கு நாக் தன் திருத்திய முறையில் தனி மதிப்பெண்ணே வைத்தது. அத்தாமார்களே, அம்மாமார்களே! சேர்க்கைக்காகக் கட்டணம் கட்டச் செல்லும் நாளில் விடுதி வசதியையும் பேருந்து வசதியையும் விசாரிக்கிறீர்கள். அதே முகப்பில் நின்று, சென்ற ஆண்டு மாணவர்கள் என்ன எழுதினார்கள், அதில் எது மாறியது என்றும் கேளுங்கள்.