இரண்டு கையிலும் பிபி ஒரே மாதிரி இருக்கா?

பிபி பார்க்கப் போனால் ஒரு கையை நீட்டுவோம், எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்துவிடுவோம். இன்னொரு கையிலும் பார்த்தால் சந்தேகம் வரக்கூடிய ஒரு அபூர்வ நோய் இருக்கு. அதன் பெயர் தகயாசு ஆர்ட்டெரைட்டிஸ். (மூட்டுவலிக்குச் சொல்லும் ஆர்த்ரைட்டிஸ் வேற, இது வேற.)

என்ன நோய் இது?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே பெரிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்கித் தடித்து, ரத்தம் போகும் வழி சுருங்குகிறது. 1908-ல் ஜப்பான் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு இதைப் பதிவு செய்ததால் அவர் பெயரே நிலைத்தது. பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வருகிறது. தொற்றாது.

எப்படித் தெரியும்?

ஆரம்பத்தில் லேசான காய்ச்சல், அசதி, எடை குறைவு. ‘ரத்த சோகையா இருக்கும்’ என்று விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு வரும் அறிகுறிகள்:

• துணி துவைக்கும்போது, தலை வாரும்போது கை வலித்துச் சோர்ந்துபோவது, ஓய்வெடுத்தால் சரியாவது
• ஒரு கையில் நாடித்துடிப்பு குறைவாக இருப்பது, அல்லது கிடைக்காமலே போவது
• தலைசுற்றல், பார்வை மங்கல், கழுத்து வலி
• இளம் வயதிலேயே அதிக பிபி

இரு கை பிபியில் சிறு வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கலாம். மேல் எண்ணில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்க. வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் பயப்பட வேண்டாம். இரண்டு கைக் குழாயும் சுருங்கியிருந்தால் கையில் பிபி குறைவாகக் காட்டும். அப்போது காலிலும் பார்ப்பார்கள்.

என்ன பரிசோதனை?

இந்த நோயை உறுதி செய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் இல்லை. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். சிலருக்கு இவை நார்மலாகவே வரும். அதனால் டாப்ளர் ஸ்கேன், சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்துக் குழாய்களை நேரடியாகப் பார்ப்பார்கள்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரு கையிலும் பிபி பாருங்க. தேதியோடு இரண்டு எண்ணையும் போனில் குறித்து வைத்துக் காட்டுங்க. சந்தேகம் இருந்தால் ருமட்டாலஜி பிரிவுக்கு அனுப்புவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்தப் பிரிவு உள்ளது. எங்கே போவது என்று குழப்பமா? 104-ஐ அழைத்துக் கேளுங்க.

சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். உடம்பு தேறியாச்சு என்று ஸ்டீராய்டை நீங்களாகவே திடீரென நிறுத்தாதீங்க. திடீரென ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பார்வை போனாலோ, நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும்.