கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் வாங்கலாமா?



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு குழு உறுப்பினர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். அமீனா சம்மன் கொண்டு வந்தபோது, "வாங்காத, வாங்கலேன்னா கேஸ் நிக்காது" என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, இவரும் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வாய்தா போய்விட்டது.

பல ஊர்களில் இந்தப் பேச்சு இருக்கிறது. அது தப்பு. வாங்க மறுத்தால் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். தபாலைத் திருப்பி அனுப்பினாலும் நமக்குச் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் நாம் போகாவிட்டால், அவர் தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லிவிடலாம். இதைத்தான் எக்ஸ்பார்ட்டி என்கிறார்கள்.

"கையெழுத்துப் போட்டு வாங்கினா விவாகரத்துக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" ஆகாது. பேப்பர் கிடைத்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. வாங்கியதும் எந்தக் கோர்ட், என்ன தேதி, வழக்கு எண் என்ன என்று யாரையாவது படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். இந்து திருமணச் சட்ட வழக்கு என்றால் எண்ணுக்கு முன்னால் ஹெச்.எம்.ஓ.பி. என்று இருக்கும். (முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. ஆனால் சம்மன் விஷயம் எல்லோருக்கும் ஒன்றுதான்.)

வக்கீல் வைக்கக் காசில்லையே என்று கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வட்டிக்கு வாங்கி பீஸ் கட்டியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். முதலில் இங்கே கேளுங்கள். சம்மன், ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.

கோர்ட்டில் முதலில் சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று பேசிப் பார்ப்பார்கள். ஒத்துவரவில்லை என்றால் நம் தரப்பை எதிருரையாகக் கொடுக்க வேண்டும். அதோடு மறக்காமல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை மாதச் செலவும் கோர்ட் செலவும் கேட்க 24-வது பிரிவில் இடம் இருக்கிறது. கூடியவரை 60 நாளில் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவர் வருமானம் எவ்வளவு என்று தெரிந்ததைக் குறித்து வையுங்கள்.

பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை. "ஊர் பார்க்கக் கூண்டில் நிற்பதா?" என்று பயப்படுகிறவர்கள் அதிகம். இந்த வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும் என்பது 22-வது பிரிவு. வழக்கு தூரத்து ஊரில் இருந்தால், நம் பக்கம் மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

இன்னொன்று. "ரெண்டு பேருக்கும் சம்மதம்னு எழுதிடலாம்" என்று வெற்றுப் பேப்பரை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின்னும் பொதுவாக ஆறு மாதம் பொறுக்க வேண்டும். கோர்ட் விரும்பினால் அதைக் குறைக்கலாம். தீர்ப்புக்கு முன் மனசு மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் மட்டும் கல்யாணம் முறிந்துவிடாது.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே ஆகிவிட்டால்? அதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாக வந்தே சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாள். ஆகவே காதில் விழுந்த அன்றே ஓடுங்கள்.

நம் உறுப்பினருக்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. தன்னையும் விசாரிக்கச் சொல்லி மனுப் போட, வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் வக்கீல் கிடைத்துவிட்டார். அடுத்த வாய்தாவுக்குக் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் துணைக்குப் போகிறோம்.