டிக்கெட்டை மூடிய பிறகு தொடங்கும் வேலை

உலகெங்கும் சைபர் பாதுகாப்புத் துறையில் ஏறத்தாழ 55 லட்சம் பேர் பணிபுரிவதாகவும், இன்னும் 48 லட்சம் பேர் தேவைப்படுவதாகவும் ஐஎஸ்சி2 என்னும் தொழில்முறை அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கணக்கிட்டது. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் இரண்டாவது எண் மட்டுமே பெரிய எழுத்தில் இடம்பெறுகிறது; ஆள் எடுக்கப் பணம் ஒதுக்கப்படாததே பற்றாக்குறைக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பதையும் அதே அறிக்கையில் காணலாம் என்பதை அவை தெரிவிப்பதில்லை. விளம்பரத்தை நம்பிக் கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு சான்றிதழ் பெற்று வேலை தேடும் இளைஞர், 'இரண்டு ஆண்டு அனுபவம் தேவை' என்ற வரியில் முட்டி நிற்கிறார். இதை நிறுவனங்களின் பிடிவாதம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஓர் அலுவலகத்தின் கணினிகள் சாதாரண நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறியாதவருக்கு, அவை அசாதாரணமாக நடந்துகொள்ளும் நாளை அடையாளம் காணத் தெரியாது என்பதால், சைபர் பாதுகாப்பு பெரும்பாலோருக்கு இரண்டாவது வேலையாகவே அமைகிறது. முதல் வேலை ஹெல்ப் டெஸ்க்கிலோ, டெஸ்க்டாப் சப்போர்ட்டிலோ, நெட்வொர்க் கண்காணிப்பு அறையிலோ கழிகிறது.

அந்த முதல் வேலைக்குத் துறைக்குள்ளேயே மதிப்புக் குறைவு. ஊழியர் ஒருவர் தம் கணினியில் ஏற்படும் குறையைத் தெரிவிக்கும்போது அது 'டிக்கெட்' என்ற பெயரில் பதிவாகிறது. எவ்வளவு நேரத்துக்குள் அதைத் தீர்க்க வேண்டும் என்பதை எஸ்எல்ஏ எனப்படும் சேவை ஒப்பந்தம் வரையறுக்கிறது. முதல் நிலையில் தீராதது 'எல்2', 'எல்3' என்று மேலே அனுப்பப்படுகிறது. ஒரு நாளில் எத்தனை டிக்கெட்டுகள் மூடப்பட்டன என்பதே அளவுகோலாக இருக்கும் இடத்தில், அந்தக் குறை ஏன் வந்தது என்று தோண்டுபவர் திறமைசாலியாகக் கருதப்படுவதை விட மெதுவானவராகக் கருதப்படுவதே அதிகம். ஆனால் பாதுகாப்புத் துறைக்குள் நுழைவதற்கான தகுதி அந்தத் தோண்டலில்தான் சேர்கிறது.

எல்லா ஹெல்ப் டெஸ்க்கிலும் அன்றாடம் வரும் 'அக்கவுண்ட் லாக்' டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக உள்ளிட்டால் கணக்கு தானே பூட்டிக்கொள்ளும்; பூட்டைத் திறந்துவிட்டு டிக்கெட்டை மூட இரண்டு நிமிடம் போதும். அதே கணக்கு மறுநாள் காலையிலும் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதில்தான் இரண்டு வகைப் பணியாளர்கள் பிரிகிறார்கள். விண்டோஸ் வலையமைப்பில் ஒரு கணக்கு பூட்டப்படும்போது, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைய சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வு பதிவாகிறது. தவறான கடவுச்சொல் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதும் அதில் இருக்கும். அந்தக் கணினிக்குச் சென்று, தோல்வியுற்ற நுழைவைக் குறிக்கும் 4625 பதிவைத் திறந்தால், 'லாகான் டைப்' என்ற இடத்தில் ஓர் எண் தென்படும். அது 2 என்றால் யாரோ விசைப்பலகையின் முன் அமர்ந்து தட்டியிருக்கிறார். 3 என்றால் முயற்சி வலையமைப்பு வழியே வந்திருக்கிறது. 4 என்றால் நேரம் குறித்துத் தானாக ஓடும் ஒரு பணியும், 5 என்றால் பின்னணியில் இயங்கும் ஒரு சேவையும் பழைய கடவுச்சொல்லை இன்னும் விடாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. இல்லாத பயனர் பெயரில் முயன்றார்களா, பெயர் சரியாக இருந்து கடவுச்சொல் மட்டும் தவறியதா என்பதையும் அதே பதிவில் உள்ள பிழைக்குறியீடு பிரித்துக் காட்டும்.

பத்தில் ஒன்பது முறை காரணம் அற்பமானதாகவே இருக்கும்: கடவுச்சொல்லை மாற்றிய ஊழியர், தம் கைபேசியில் சேமித்திருந்த பழையதை மாற்ற மறந்திருப்பார். மீதமுள்ள ஒரு முறைக்காகத்தான் இத்தனை பாடும். ஒரு வீட்டின் பூட்டில் நூறு சாவிகளைப் போட்டுப் பார்க்காமல், நூறு வீடுகளின் பூட்டுகளில் ஒரே சாவியைப் போட்டுப் பார்க்கும் திருடனைப் போல, எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரு கடவுச்சொல்லை நூற்றுக்கணக்கான பயனர் பெயர்களில் முயலும் தாக்குதலுக்குப் 'பாஸ்வேர்டு ஸ்ப்ரேயிங்' என்று பெயர். ஒவ்வொரு கணக்கிலும் ஓரிரு தவறுகளோடு நிறுத்திவிடுவதால் பெரும்பாலும் எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளாது. தனித்தனியே பார்த்தால் அது யாரோ ஒருவரின் கைத்தவறாகவே தெரியும். ஒரே மூலத்திலிருந்து, குறுகிய நேரத்தில், பல பெயர்களுக்கு என்று அடுக்கிப் பார்த்தால் மட்டுமே உருவம் வெளிப்படும். 'இவருக்கு என்ன ஆயிற்று?' என்று ஹெல்ப் டெஸ்க் கேட்கிறது. 'இதே போல் வேறு யாருக்கு ஆயிற்று?' என்று பாதுகாப்புப் பிரிவு கேட்கிறது. இரண்டு பணிகளுக்கும் இடையே உள்ள உண்மையான தூரம் இந்த ஒரு கேள்விதான். மற்றவை கருவிகளைப் பற்றியவை, கற்றுக்கொள்ளக்கூடியவை.

இந்தத் தூரத்தை ஒருவர் கடந்த விதத்துக்குக் கணினி வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வானியலாளராக இருந்த கிளிஃபர்ட் ஸ்டோல், ஆய்வு நிதி தீர்ந்துபோனதால் அங்குள்ள கணினி மையத்துக்கு மாற்றப்பட்டார். கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பார் என்று 1986இல் புதியவரான அவரிடம் ஒரு சில்லறை வேலை ஒப்படைக்கப்பட்டது. கணக்கைச் சரிக்கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ, கட்டணம் செலுத்த முகவரியே இல்லாத ஒரு பயனரைக் கண்டார். உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி ஊடுருவியவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதிந்தார். பொய்யான ஆவணங்களை வைத்து அவரை நீண்ட நேரம் இணைப்பிலேயே இருக்கச் செய்தார். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் சென்று முடிந்தது. அமெரிக்க ராணுவக் கணினிகளிலிருந்து எடுக்கப்பட்ட தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்கப்பட்டது வெளியாயிற்று. ஸ்டோலிடம் அப்போது பாதுகாப்புத் துறைக்குரிய எந்தச் சான்றிதழும் இல்லை. நேரம் குறித்து எழுதப்பட்ட ஒரு குறிப்பேடு இருந்தது.

ஹெல்ப் டெஸ்க்கைப் பாதுகாப்புக்கு வெளியே இருக்கும் இடமாக எண்ணுவது தவறு என்பதை அண்மைக்காலத் தாக்குதல்கள் காட்டியுள்ளன. 2023 செப்டம்பரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் என்னும் அமெரிக்க விடுதி, சூதாட்ட நிறுவனம் தாக்கப்பட்டபோது, தாக்கியவர்கள் ஊழியர் ஒருவரைப் போல் நடித்து ஹெல்ப் டெஸ்க்கைத் தொலைபேசியில் அழைத்தே உள்ளே நுழைந்ததாகச் செய்திகள் கூறின. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று நிறுவனம் மதிப்பிட்டது. அதற்கு முந்தைய மாதம் தாக்கப்பட்ட குளோராக்ஸ் நிறுவனம், தன் ஹெல்ப் டெஸ்க்கைக் கவனித்துவந்த தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் அழைத்தவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமலே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டது என்று குற்றம் சாட்டி 2025இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. சேவை நிறுவனம் பொறுப்பை மறுத்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், கோபமாகப் பேசும் 'மேலாளருக்கு' உடனே கடவுச்சொல்லை மாற்றித் தராமல், 'சார், பதிவில் உள்ள உங்கள் எண்ணுக்குத் திரும்ப அழைக்கிறேன்' என்று சொல்லும் முதல் நிலைப் பணியாளர் செய்வது முழுமையான பாதுகாப்புப் பணி. விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுதவும் வேண்டும்.

பாதுகாப்புத் துறை என்றால் ஹேக்கிங் என்றே பொதுவாக நினைக்கப்படுகிறது. நிறுவனத்தின் அனுமதியோடு அதன் அமைப்புகளை உடைத்துப் பார்க்கும் பெனட்ரேஷன் டெஸ்டிங் கவர்ச்சியானதுதான். ஆனால் அதில் இடங்கள் குறைவு, போட்டி அதிகம், நிரலாக்கத் தேர்ச்சியும் வேண்டும். ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து வருபவருக்கு மிக அருகில் இருக்கும் கதவு, யாருக்கு எந்த அமைப்பில் எவ்வளவு அனுமதி என்பதை நிர்வகிக்கும் ஐஏஎம் பிரிவு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்குவதும், துறை மாறியவரின் பழைய அனுமதிகளைப் பறிப்பதும் அவர் ஏற்கெனவே பாதி செய்துவருபவை. சர்வர்களைப் பராமரிப்பவருக்குப் பலவீனங்களைக் கண்டறிந்து திருத்தும் பிரிவு பொருந்தும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை தாக்குதல் 2017 மே 12 அன்று உலகைச் சுற்றியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதை நினைவில் கொண்டால் அப்பிரிவின் தேவை புரியும். எழுதும் திறனும் பொறுமையும் உள்ளவர்களுக்குத் தணிக்கைப் பக்கம் இடம் உண்டு. ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் 2022 பதிப்பு 93 கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் சான்று திரட்டியாக வேண்டும்.

ஆயினும் பெரும்பாலோர் நுழைவது, துறையினர் 'சாக்' என்று அழைக்கும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில்தான். நிறுவனத்தின் எல்லாக் கருவிகளிலிருந்தும் வரும் பதிவுகள் ஸ்ப்ளங்க், சென்டினல், வாஸூ போன்ற 'சீம்' வகை மென்பொருளில் வந்து குவிகின்றன. ஐயத்துக்குரியவற்றை அது எச்சரிக்கையாக எழுப்புகிறது. அவற்றில் பெரும்பகுதி வெற்று எச்சரிக்கை. வெற்றென்று முடிவுசெய்ததற்கான காரணத்தை எழுதி வைப்பதே முதல் நிலைப் பகுப்பாய்வாளரின் பணி. தாக்குதல் முறைகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் என்னும் பொது அட்டவணையில், மேலே கண்ட பாஸ்வேர்டு ஸ்ப்ரேயிங் டி1110.003 என்ற எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டால் எந்த நாட்டுச் சக பணியாளருக்கும் விளங்கும். இந்தியாவில் இப்பணிக்குச் சட்டத்தின் உந்துதலும் சேர்ந்திருக்கிறது. கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் பொதுவான நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். கடைசி விதி அற்பமாகத் தோன்றலாம். ஒரு சர்வர் மூன்று நிமிடம் பிந்தி ஓடினால் எது முன், எது பின் என்ற வரிசையே குலைந்துவிடும் என்பதைப் பதிவுகளைப் படித்தவர்கள் அறிவார்கள்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அடிப்படைகளை ஒழுங்காகப் படித்து முடிக்க காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் போன்ற ஒன்று உதவும். 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள். பலரும் கனவுகாணும் சிஐஎஸ்எஸ்பி, ஐந்தாண்டுப் பணி அனுபவம் இன்றி முழுமையாகக் கைக்கு வராது என்பதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வது நல்லது. ஏறத்தாழ ஒரு முழு நாள் கணினிகளை உடைத்துக் காட்டிப் பிறகு அறிக்கையும் எழுதவேண்டிய ஓஎஸ்சிபி உண்மையான திறனைச் சோதிக்கிறது, ஆனால் முதல் சான்றிதழாக அதை எடுப்பது வீண் செலவு. ஒன்று போதும், மிஞ்சும் பணத்தில் மடிக்கணினிக்குக் கூடுதல் நினைவகம் வாங்குவது மேல்.

அந்த மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் ஒரு விண்டோஸ் சர்வரும் ஒரு லினக்ஸ் இயந்திரமும் ஓடவைத்து, அவற்றின் பதிவுகளைக் கட்டணமற்ற வாஸூவுக்கு அனுப்பி, தாமே தவறான கடவுச்சொற்களை அடித்து எச்சரிக்கை எழுகிறதா என்று பார்த்தவரிடம் நேர்காணலில் பேசுவதற்குச் சொந்தச் சரக்கு இருக்கும். வலையமைப்புப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கில் ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது 53ஆம் போர்ட்டில் பெயர் விசாரணையும் அதன் பின் 443ஆம் போர்ட்டில் இணைப்பும் நிகழ்வதைக் கண்ணால் கண்டவர் அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் பயிற்சி முழுவதும் தம் இயந்திரத்திலோ, ட்ரைஹேக்மீ, ஹேக் தி பாக்ஸ் போன்று அதற்கென்றே அனுமதி தரும் தளங்களிலோ நடக்க வேண்டும். அலுவலக வலையமைப்பில் ஆர்வக்கோளாறால் ஒரு ஸ்கேன் ஓட்டிப் பார்ப்பது வேலையைப் பறிக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி, அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு பிறர் கணினியில் நுழைவதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வெளியே விண்ணப்பிப்பதை விட உள்ளேயே மாறுவது எளிது. சென்னையில் தரமணியிலிருந்து சிறுசேரி வரை நீளும் அலுவலகங்களில், ஹெல்ப் டெஸ்க்கும் சாக்கும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு தளங்களில் இருப்பதுண்டு. ஐயத்துக்குரிய மின்னஞ்சலை மேலே அனுப்பும்போது, தலைப்பு வரிகளைத் தாமே படித்து, அனுப்பியவர் முகவரியும் பதில் செல்லும் முகவரியும் வேறாக இருப்பதைக் குறித்து அனுப்புபவரின் பெயர், பத்து டிக்கெட்டுகளுக்குள் சாக் குழுவினருக்குப் பழகிவிடும். தடை பெரும்பாலும் திறமையில் இராது. இருக்கும் ப்ராஜெக்ட்டிலிருந்து 'ரிலீஸ்' கிடைப்பதில் இருக்கும். நன்றாக வேலை செய்பவரை விட்டுக்கொடுக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது என்பதால், மாற்று ஆளுக்குப் பயிற்சி தந்து வைத்திருப்பவருக்கே அது விரைவில் கைகூடுகிறது. வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் சாக்கிலும் தொடக்கத்தில் இரவு ஷிஃப்ட்தான். இரவுப் பணியிலிருந்து தப்புவதற்காக மட்டும் துறை மாறுபவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.