விலை துண்டுக்குள், தரகு வெளியில்

"ஆள் அனுப்புகிறேன், எனக்கு என்ன தருவீங்க?" என்று கேட்க நம் ஊரில் பலருக்கு நா எழாது. கேட்காமல் விட்டுவிட்டு, "நம்மால கிடைச்ச ஆர்டர், ஒரு வார்த்தை சொல்லலையே" என்று பிறகு டீக்கடையில் புலம்புவார்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எப்போது, யாருக்குத் தெரியக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

மாட்டுச் சந்தைத் தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். கை மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. ஆனால் பேரம் படிந்தால் தரகருக்குத் தரகு உண்டு என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. விலையை ஊரறியப் பேசிவிட்டு, கமிஷனைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். உங்களுக்குத் தெரிந்த சமையல் காண்ட்ராக்டரைக் காட்டிவிடுகிறீர்கள். மொத்த பில் 3 லட்சம். நூற்றுக்கு 5 கேட்டால் 15,000 ரூபாய். கேட்க சின்னத் தொகைதான். ஆனால் அவருக்கு நிற்பது நூற்றுக்கு 12 என்று வைத்தால், மொத்த லாபமே 36,000. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நீங்கள் கேட்கிறீர்கள். அவர் முடியாது என்று சொல்லமாட்டார். இலைக்கு இவ்வளவு என்று சொல்லும்போதே அதை ஏற்றிவிடுவார். ஆக, உங்கள் கமிஷனைக் கொடுப்பது கல்யாண வீடு. இது அவர்களுக்குப் பந்தி முடிந்த பிறகு தெரிந்தால் மனஸ்தாபம். முன்பே சொல்லியிருந்தால் வெறும் கணக்கு. சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் அந்தக் கமிஷனைக் கேட்காதீர்கள்.

எல்லோரிடமும் கேட்கவும் முடியாது. பெண், மாப்பிள்ளை பெயர் நெய்த பத்தமடைப் பாய் வேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்கிறார். கோரையைச் சன்னமாகக் கிழித்து நாள்கணக்கில் நெய்கிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூலிதான். அதில் சதவீதம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அலைச்சலுக்கு இவ்வளவு என்று வாங்குபவரிடமே வெளிப்படையாகக் கேட்டு வாங்கலாம்.

கேட்பதென்றால், ஆளை அனுப்புவதற்கு முன் கேளுங்கள். பிசான அறுப்புக்கு நெல் தரகர் மூட்டைக்கு இவ்வளவு என்று பேசுகிற மாதிரி, ரூபாய்க் கணக்கில் பேசினால் சண்டை குறையும். சதவீதம் என்றால் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, அதே ஆள் அடுத்த வருஷம் தானாக வந்தாலும் உண்டா, பாதியில் ஆர்டர் ரத்தானால் என்ன என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். வாட்ஸப்பில் இரண்டு வரி போட்டு வைத்தால் போதும்.

சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆவது பிரிவுப்படி, தனியாக ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், ஏஜெண்டுக்கு வேலை முடிந்த பிறகே ஊதியம். தானாகச் செய்த உதவிக்கு ஈடு தருகிறேன் என்று ஒருவர் பின்னால் ஒப்புக்கொண்டாலும் செல்லும்; அதற்கு 25ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

கமிஷனும் வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நூற்றுக்கு 2 வரியாக (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடிப்பார்கள். 2024 அக்டோபருக்கு முன்பு அது 5 ஆக இருந்தது.

கேட்கவே கூடாதவர்களும் உண்டு. நோயாளியை அனுப்புவதற்கு மருத்துவர் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகள் தடுக்கின்றன. வீடு, மனைத் தரகில், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களுக்குப் பதிவு பெற்ற ஏஜெண்டாக இருக்க வேண்டும். அலுவலகத்துக்காகச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்துகொண்டு சப்ளையரிடம் தனக்கென்று வாங்கினால், அரசு வேலையோ தனியார் வேலையோ, அதற்குப் பெயர் லஞ்சம்.

பேசிய பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறாரா? இரண்டு தடவை கேளுங்கள். அப்புறமும் வராவிட்டால் அடுத்த ஆளை அவரிடம் அனுப்பாதீர்கள்.